கொட்டாம்பாறைக்கு வந்த வினைச்சொல்

கொட்டாம்பாறையில் மோட்டார் காயில் எரிந்த அதே வாரத்தில்தான், கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருக்கும் மலைக்கிராம வசதிகள் வாரியத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் ஆங்கில வினைச்சொல் வந்து சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு சமயத்தில் வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மோட்டாரை வாரியம் வழக்கம்போல் ஆடி அசைந்து ஒருநாள் சரிசெய்திருக்கும். வினைச்சொல்லை வழக்கம்போல் கோப்பில் வைத்துக் கட்டியிருக்கும். இரண்டும் ஒன்றாக வந்ததால் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்யும்படி ஆகிவிட்டது.

கொட்டாம்பாறை, வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ போகிற மட்டும் போய், அதற்கு மேல் நடந்து ஏற வேண்டிய ஊர். ஊருக்குக் கீழே சரிவில் ஒரு கிணறு. கிணற்றோரம் மோட்டார் ரூம். மோட்டார் தண்ணீரைப் பாறைமேல் இருக்கும் தொட்டிக்கு ஏற்றும். அதைப் போடுவதும் நிறுத்துவதும் இருசம்மாளின் வேலை. அதற்காக வாரியம் அவளுக்குக் கொடுத்திருந்த பதவிப் பெயர் ‘கிராம நீர் இயக்குநர்’. ஊரில் அவளை சுச்சு அக்கா என்றார்கள்.

மோட்டாரில் புகை வந்த அன்றே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கள்ளக்குறிச்சியில் காயில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. ஆனால் மோட்டார் ரூம் கதவில் ‘வாரியச் சொத்து, தொடுவோர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்று எழுதியிருந்தது. பக்கத்து ஊரில் அப்படித் தொட்ட நால்வர் இன்னும் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே இருசம்மாள் மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாரியத்தில் மனு வாங்கும் உதவியாளர் தீனதயாளனுக்கு அவளை நன்றாகத் தெரியும். கெட்ட மனிதர் அல்ல. தலையைத் தூக்கிப் பேசினால் கழுத்து வலிக்கும் என்பதால் எல்லோரிடமும் குனிந்தே பேசுவார்.

“இன்னாக்கா, மோட்டாரா?”

“காயிலு போச்சுங்க. பொகையா வந்துது. நாந்தான் ஓடிப்போயி சுச்ச அமுத்தனேன்.”

தீனதயாளன் பேனாவை எடுத்தார். எழுதாமல் வைத்துவிட்டார். “போன வாரம் வந்திருந்தா காயில் கட்டுற மைதீன் பாய்க்கு ஒரு ஆர்டர் போட்டுட்டு முடிச்சிருப்பேன். இப்ப ரூலு மாறிப்போச்சு.”

மாறிய ரூலை அவர் விளக்கினார். மக்களின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுவது இனி போதாது. எக்ஸீட் செய்ய வேண்டும். அதாவது எதிர்பார்த்ததைவிட மிஞ்சிச் செய்ய வேண்டும். வெறுமனே நிறைவேற்றுகிற ஊழியருக்குப் பணிப்பதிவேட்டில் ‘சராசரி’ என்று எழுதுவார்கள். இங்கிரிமெண்ட் நிற்கும்.

“இப்ப நீங்க எங்ககிட்ட இன்னா எதிர்பார்க்கிறீங்க?”

“மோட்டாரு ஓடணும். தண்ணி வரணும்.”

“அத நாங்க பண்ணிட்டா?”

“சந்தோஷங்க.”

“சந்தோஷம் பத்தாதுக்கா. ஆச்சரியப்படணும்.”

இருசம்மாள் கொஞ்சம் யோசித்தாள். அவரைத் தொல்லைப்படுத்த அவளுக்கு விருப்பமில்லை. “ஒடனே ரிப்பேர் பண்ணிக் குடுத்தீங்கன்னா ஆச்சரியப்படுவேங்க” என்றாள்.

தீனதயாளன் அவளை நிமிர்ந்தே பார்த்துவிட்டார். கழுத்து வலித்தது. ஆனாலும் அதை அப்படியே எழுதிக் கோட்ட அலுவலர் ஜெயப்பிரகாஷின் மேசைக்கு எடுத்துப் போனார். ஜெயப்பிரகாஷ் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். வாரியம் உடனே வேலை செய்தால் மக்கள் ஆச்சரியப்படுவார்கள் என்பது வாரியத்துக்கு அவமானம் என்று ஓரத்தில் குறிப்பெழுதினார். பிறகு இருசம்மாளை உள்ளே கூப்பிட்டார்.

“உக்காருங்கம்மா. ரிப்பேருங்கறீங்க. ரிப்பேரு ஒரு பெரிய விஷயமா? எவன் வேணா பண்ணுவான். சர்வீசு முழுக்க ரிப்பேரு பண்ணி வுட்டிருக்கேன், ஒருத்தன் ஒரு வார்த்த நல்லதா சொன்னது கெடையாது. பண்ணாம வுட்டப்பதான் பேப்பர்ல போட்டோவோட போட்டான். அப்ப நம்மள கவனிக்க வெக்கிறது எது? நீங்களே சொல்லுங்க.”

ஜெயப்பிரகாஷ் மணியை அடித்தார். அலுவலக உதவியாளர் முனியன் ஒரு பொன்னாடையோடு வந்தார். ஜெயப்பிரகாஷ் அதை அவள் தோளில் போர்த்தினார். தீனதயாளன் செல்போனில் படம் எடுத்தார்.

“இத எதிர்பார்த்தீங்களா?”

“இல்லீங்க.”

“எழுதிக்குங்க தீனதயாளன். எக்ஸீட்.”

அன்று சாயங்காலம் இருசம்மாள் பொன்னாடையோடு மலையேறினாள். தண்ணீருக்குக் காத்திருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு ராணியம்மாள்தான் முதலில் கேட்டாள்.

“இன்னாடி, மோட்டாருக்குப் போனவ கண்ணாலப் பொண்ணாட்டம் வந்து நிக்கிற?”

“போத்தி வுட்டாங்க.”

“இன்னாத்துக்கு?”

“தெரில.”

மறுநாளிலிருந்து ஊர்ப் பெண்கள் சரிவில் இறங்கிக் கிணற்றில் சேந்தி, குடத்தைத் தலையில் வைத்து ஏறினார்கள். இருசம்மாள் பொன்னாடையைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டாள். ஜரிகை உச்சந்தலையில் குத்தியது. ஒரு வாரத்துக்குள் சரிவெல்லாம் தண்ணீர் சிந்திச் சிந்திப் பாசி வழுக்கலாயிற்று. ராணியம்மாள் நிறைகுடத்தோடு சறுக்கி விழுந்தாள். கை மணிக்கட்டு முறிந்தது. கச்சிராயபாளையத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள் இருசம்மாளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“உனக்குப் பொன்னாட. எனக்கு மாவுக்கட்டு.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருசம்மாளுக்கு இரவெல்லாம் அந்தச் சிரிப்புதான். மறுநாள் முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினாள்.

அலுவலகம் பூட்டியிருந்தது. வாசலில் முனியன் மட்டும் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கல்யாண மண்டபத்தில் பயிலரங்கில் இருக்கிறார்கள் என்றார். பொன்னாடை போர்த்தியது எக்ஸீட் கணக்கில் சேருமா என்று ஹெட் ஆபீஸ் விளக்கம் கேட்டிருந்தது. மோட்டார் கேட்டவருக்குத் துணி கொடுத்தால் அது எதிர்பார்ப்புக்கு மேலே போனதா, பக்கவாட்டில் போனதா என்று அவர்களுக்குச் சந்தேகம். ஆகவே அந்தச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஊழியர்களுக்கு விளக்கச் சென்னையிலிருந்து சுபாஷ் என்ற பயிற்றுநர் வந்திருக்கிறார்.

“நீங்களும் வாங்கக்கா. பொதுமக்கள்ல ஒருத்தராவது இருக்கணுமாம். யாரும் கெடைக்கல. போண்டா குடுப்பாங்க” என்று முனியன் அவளைக் கையோடு கூட்டிப்போனார்.

சுபாஷ் கன்னத்தோரம் ஒட்டிய மைக்கோடு மேடையில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். “குட் மார்னிங்!” என்றார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். “சத்தம் பத்தலையே!” என்றார். மறுபடி சொன்னார்கள். மூன்றாம் முறை இருசம்மாள்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். சத்தம் போதுமான அளவுக்கு வந்துவிட்டால் அடுத்தது மோட்டார் பேச்சாக இருக்கும் என்று நினைத்தாள்.

“இந்த எக்ஸீட்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு, தெரியுமா?”

“ஹெட் ஆபீஸ்லேர்ந்து” என்றது சபை.

“அதுக்கு முன்னாடி?”

ஹெட் ஆபீஸுக்கு முன்னால் ஏதாவது இருந்திருக்கக்கூடும் என்று அவர்கள் யோசித்ததில்லை.

“லத்தீன்! எக்ஸ்னா வெளியே. சீடெரேன்னா போறது. ரெண்டும் சேர்ந்தா, வெளியே போறது. ஒரு எல்லை இருக்கு, அதத் தாண்டி வெளியே போறது. லத்தீன்லேர்ந்து பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்து, நம்ம கைக்குக் கெடைக்க எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு.”

ஜெயப்பிரகாஷ் முன்வரிசையிலிருந்து திரும்பித் தீனதயாளனிடம் சொன்னார். “அந்தத் தாமதத்துக்கு நம்ம கோட்டம் பொறுப்பில்லன்னு மினிட்ஸ்ல போடுங்க.”

“சீடெரேக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு” என்றார் சுபாஷ். “விட்டுக்கொடுக்கிறது.”

“யாரு விட்டுக்குடுக்கணும்?” என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ்.

“அது லத்தீன்ல சொல்லல சார்.”

“அப்ப மனுதாரர்னு எழுதிக்குங்க.”

பின்வரிசையில் யாரோ ஒருவர் எழுந்தார். “சார், வெளிய போறதுதான்னா, நம்ம முனியண்ணன் இத்தினி வருஷமா அதத்தானே ஜனங்ககிட்ட சொல்லிக்கினு இருக்காரு?”

மண்டபம் சிரித்தது. முனியனும் தலையைக் குனிந்து சிரித்தார். ஜெயப்பிரகாஷ் சிரிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பயனாளி ஒருவர் தம் அனுபவத்தைப் பகிர்வார் என்று சொல்லி மைக்கை இருசம்மாளின் வாயருகே நீட்டினார்கள்.

“மோட்டாரு எப்பங்க வரும்?” என்றாள்.

“சூப்பர்!” என்றார் சுபாஷ். “கேள்வி கேக்கறதுதான் மொதல் படி. கை தட்டுங்க!” எல்லோரும் தட்டினார்கள். ராணியம்மாளுக்கென்று இன்னொரு போண்டாவைத் தாளில் மடித்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அடுத்த முறை அவள் போனபோது அலுவலகத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. முன்வாசலில் ‘வருகை’ என்று போட்டிருந்தது. கழிவறையை ஒட்டிச் சந்துக்குள் திறக்கும் பின்வாசலில் ‘எக்ஸீட்’ என்று போட்டிருந்தது. மனு கொடுத்தவர் அந்த வழியாக வெளியே போனால், லத்தீன்படி ஓர் எக்ஸீட் ஆகிவிட்டதாகக் கணக்கு. மாநிலத்திலேயே கள்ளக்குறிச்சிக் கோட்டம் முதலிடத்துக்கு வந்திருந்தது. முனியனுக்குச் சிறந்த ஊழியர் விருது கிடைத்து, சட்டைப்பையில் ஒரு பதக்கம் தொங்கியது. அதை வெளியே தெரியாமல் துண்டால் மூடியிருந்தார்.

ஆனால் ஹெட் ஆபீஸ் விடவில்லை. மக்கள் வெளியே போனது சரி, எதிர்பார்ப்பு என்னவாயிற்று, அதற்கு அளவு எங்கே என்று கேட்டு மறுபடி எழுதியிருந்தது. இதற்கு ஜெயப்பிரகாஷ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இருசம்மாளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அதை அவர் தீனதயாளனுக்குச் சொன்ன அழகை அவள் பிறகு ஊரில் நடித்தே காட்டினாள்.

“எக்ஸீட்னா இன்னா? அவங்க எதிர்பார்க்கிறது இங்க இருக்குது. நாம செய்யறது அங்க இருக்கணும். நடுவுல இருக்கிற கேப்புதான் எக்ஸீட். அந்தக் கேப்பு வர்றதுக்கு நாம மேல போலாம். இல்லன்னா அவங்க கீழ வரலாம். நாம மேல போறதுக்கு நிதி வேணும், டெண்டர் வேணும், அப்ரூவல் வேணும். அவங்க கீழ வர்றதுக்கு ஒண்ணும் வாணாம். மனசு இருந்தா போதும்.”

இதற்கு ‘எதிர்பார்ப்புச் சீரமைப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தீனதயாளன் மனுவை விரித்தார்.

“மோட்டாரு ஓடணும்னு எழுதியிருக்கீங்க. அதுல ‘ஓடணும்’ங்கறத மட்டும் எடுத்துடலாமாக்கா?”

“எடுத்தா மிச்சம் இன்னாங்க இருக்குது?”

“மோட்டாரு.”

“மோட்டாருதான் இருக்குதேங்க. எரிஞ்சு போயி.”

“பாத்தீங்களா!” என்றார் ஜெயப்பிரகாஷ் மலர்ச்சியோடு. “கேட்டதுமே நெறவேறிடுச்சு.”

இருசம்மாள் எழுந்து பின்வாசல் வழியாகப் போனாள். அந்த வழியாகத்தான் விட்டார்கள். சந்தில் அவள் பின்னாலேயே தீனதயாளன் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தே சொன்னார். “அக்கா, நான் சொல்றத கேளுங்க. எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒண்ணுமே எதிர்பார்க்காதவங்களுக்கு ஒரு மோட்டார ரிப்பேர் பண்ணிக் குடுத்தா அது மிஞ்சினதுதானே? நானே மைதீன் பாய்க்கு ஆர்டர் போட்டுர்றேன். யாரும் கேக்க முடியாது.”

யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் இருந்தது. தண்ணீர் வர வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டாமென்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். கொட்டாம்பாறைக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை என்று அவள் மதில்மேல் தாளை வைத்து எழுதி, எழுத்துக்கூட்டி இருசம்மாள் என்று போட்டாள்.

மறுநாள் காலை அவள் மகள் ரம்யாவின் செல்போனுக்கு வாரியத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ரம்யா அதை இரண்டு தரம் படித்தாள். ‘தங்கள் மனுவில் எதிர்பார்ப்பு ஏதும் இல்லாததால் மனு முடித்துவைக்கப்பட்டது. நன்றி.’

இருசம்மாள் ரம்யாவின் போனில் தீனதயாளனைக் கூப்பிட்டாள். அவர் குரல் தரையிலிருந்து வந்தது. “ஆர்டர் போடத்தான் ஒக்காந்தேன்கா. அதுக்குள்ள கம்ப்யூட்டரே மூடிருச்சு. எதிர்பார்ப்பு இல்லாத மனு மனுவே இல்லியாம்.”

அவள் திட்டவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இருந்த தெம்பு குடம் தூக்கச் சரியாக இருந்தது. போனை மகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மாடைத் தேடினாள்.

ஆனால் அவள் எழுதிக் கொடுத்த தாள் அதோடு நிற்கவில்லை. ஹெட் ஆபீஸ் வரை போயிற்று. வாரியத்திடம் எதையுமே எதிர்பார்க்காத ஊர் ஒன்று இருக்கிறது என்பதை அவர்களால் முதலில் நம்ப முடியவில்லை. நம்பியதும் விழா எடுக்கச் சொன்னார்கள்.

கொட்டாம்பாறைக்கு முதல்முறையாக வாரியத்தின் ஜீப் வந்தது. பாதை முடிந்த இடத்திலிருந்து எல்லோரும் நடந்து ஏறினார்கள். ஜெயப்பிரகாஷுக்கு மூச்சு வாங்கியது. சுபாஷ் வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளூர் கேபிள் டிவியிலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார். மோட்டார் ரூமுக்கு எதிரே ஷாமியானா போட்டு, ஊரை உட்கார வைத்தார்கள். ராணியம்மாளை அவள் மாவுக்கட்டோடு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கட்டு வெள்ளையாக இருந்ததால் படத்தில் நன்றாக வரும் என்றார் கேமராக்காரர்.

ஜெயப்பிரகாஷ் மைக்கைப் பிடித்தார். விழாப் பேச்சு என்பதால் எழுத்துத் தமிழுக்கு மாறினார்.

“அன்பார்ந்த மக்களே! நான் எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறேன். ரோடு வேண்டும், விளக்கு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று கேட்பார்கள். நீங்கள் எதையும் கேட்கவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டீர்கள். இந்தப் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடாது. உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவர எங்கள் வாரியம் பல ஆண்டுகள் இடைவிடாமல் பாடுபட்டிருக்கிறது!”

முனியன் கைதட்டினார். அவரைப் பார்த்து ஊரும் தட்டியது.

“எதையும் எதிர்பார்க்காத உங்களுக்கு என்ன தருவது என்று நாங்கள் இரவு பகலாக யோசித்தோம். பழுது பார்த்துத் தரலாம். அது சாதாரணம். ஆகவே ஒரு மாபெரும் முடிவு எடுத்தோம். இந்த மோட்டாரையே உங்களுக்குத் தந்துவிடுகிறோம்! மோட்டார், மோட்டார் ரூம், கதவு, பூட்டு அனைத்தும் இன்றுமுதல் கொட்டாம்பாறை மக்களுக்கே சொந்தம். இனி இதற்கும் வாரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது!”

“எரிஞ்ச மோட்டாரயா?” என்று ராணியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“உள்ளது உள்ளபடியே” என்றார் ஜெயப்பிரகாஷ்.

தாம்பாளத்தில் வைத்து, சாவியை இருசம்மாளிடம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இப்ப இது எங்க மோட்டாருங்களா?”

“முழுசா உங்களுது.”

“நாங்க தொட்டா கேசு வராதுங்களே?”

“உங்க மோட்டார நீங்க தொட்டா எவன்மா கேசு போடப் போறான்?”

இருசம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாரோ ஸ்பேனரை எடுத்துவர ஓடியிருந்தார்கள். அதிகாரிகள் வாழையிலையில் சாமைச் சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் போல்ட்டுகள் கழன்றன. ஊர் ஆண்கள் மோட்டாரைக் கழியில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு சரிவேறி, ஊரைத் தாண்டி இறங்கி, ஜீப் நின்ற இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

“சார், நீங்க கள்ளக்குறிச்சிக்குத்தானே போறீங்க?” என்றாள் இருசம்மாள். “இத அப்டியே பஸ் ஸ்டாண்டுகிட்ட மைதீன் பாய் கடையில எறக்கி வுட்டுடுங்க. நானும் வரேன்.”

“இது அரசாங்க வண்டிம்மா. தனியார் சொத்தெல்லாம் ஏத்தக் கூடாது.”

கேமராக்காரர் அருகில் வந்தார். “சார், இதையும் நீங்க செஞ்சிட்டீங்கன்னா அது எக்ஸீட்தானே?”

ஜெயப்பிரகாஷ் கேமராவைப் பார்த்தார். “ஏத்துங்க” என்றார்.

மோட்டாரைப் பின்சீட்டில்தான் வைக்க முடிந்தது. அதன் பக்கத்தில் சுபாஷ் உட்கார்ந்தார். கச்சிராயபாளையம் வருவதற்குள் அவருடைய வெள்ளைப் பேன்ட் ஒரு பக்கம் கறுப்பாகியிருந்தது. இருசம்மாளும் முனியனும் கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு மோட்டார் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

“அவார்டு குடுத்தாங்களாமே, அண்ணே?” என்றாள் இருசம்மாள்.

“குடுத்தாங்க.” முனியன் மோட்டாரைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டார். “எம் பொண்ணு கேக்கறா, இன்னாத்துக்குப்பா குடுத்தாங்கன்னு. இன்னான்னு சொல்றது? ஜனங்கள வெளிய போன்னு சொன்னதுக்குன்னா? நல்லா வேல செஞ்சேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அடுத்த வளைவு வந்தது. இருவரும் மோட்டாரை இறுக்கிப் பிடித்தார்கள்.

ஷேக் மைதீனின் ரீவைண்டிங் கடை பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம். வாரியத்தின் மோட்டார்களுக்கெல்லாம் அவர்தான் காயில் கட்டுவார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மோட்டாரைப் பார்த்தார். “ஆர்டர் எங்கம்மா?”

“ஆர்டர்லாம் இல்ல பாய். எங்க மோட்டாரு.”

“உங்களுதா?” அவர் முகம் தெளிந்தது. “அப்ப கையெழுத்து, சீலு ஒண்ணும் தேவையில்லியே. நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கோ.”

இருசம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதை எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

காயில் கட்டிய கூலியை ஊர்கூடிப் போட்டார்கள். போட முடியாதவர்கள் பலாப்பழம் கொடுத்தார்கள், மைதீன் பாய் வேண்டாமென்று சொல்லவில்லை. மோட்டார் மறுபடி கிணற்றோரம் ஏறியது. சுவிட்சைப் போட்டதும் அது கொஞ்சம் முனகியது, பிறகு ஓடியது. குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர். பெண்கள் வரிசையில் முன்னே யார், பின்னே யார் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். சண்டை கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று ராணியம்மாள் சொன்னாள்.

இருசம்மாளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அன்று ராத்திரி படுத்தபின் ஒரு யோசனை வந்தது. மறுபடி காயில் போனால் என்ன செய்வது? இனி போய் நிற்க ஓர் ஆபீஸ் இல்லை. மனு எழுத வேண்டியதில்லை, பஸ் ஏற வேண்டியதில்லை, போண்டாவும் இல்லை. முதலில் அது பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்ததில் உடம்பெல்லாம் தளர்ந்து, பல நாள் தூக்கமும் ஒன்றாக வந்துவிட்டது.

மழைக்கு முன்னால் ஒரு நாள் தீனதயாளன் போன் செய்தார். அவள் தொட்டிக்குக் கீழே நின்று வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு சின்ன ஒத்தாச. அந்த எக்ஸீட்ங்கற வார்த்தைக்குத் தமிழ்ல ஒரு வார்த்த வேணுமாம். இங்கிலீஷ்ல போட்டா ஆட்சிமொழிக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அதுவும் பொதுமக்கள் வாயாலயே வரணும்னு கேட்டிருக்காங்க. இன்னிக்கிதான் கடைசித் தேதி. இப்ப ஒங்க ஊர்ல தண்ணி எப்டிக்கா இருக்குது? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

அப்போதுதான் அவள் தலைமேல் சடசடவென்று தண்ணீர் விழுந்தது. தொட்டி நிறைந்துவிட்டிருந்தது. ராணியம்மாள் பாறையில் காயப்போட்டிருந்த புளி மிதக்க ஆரம்பித்தது.

“ஐயோ, வழியுது! வழியுது!” என்று கத்திக்கொண்டே இருசம்மாள் போனோடு மோட்டார் ரூமை நோக்கிச் சரிவில் ஓடினாள்.

தீனதயாளனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவள் எதைச் சொன்னாள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கழுத்து வேறு வலித்தது. ‘வழிதல்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மாதம் முடிவதற்குள் சுற்றறிக்கை வந்தது. ஜெயப்பிரகாஷ் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தார். இனி வாரிய ஊழியர்கள் அனைவரும் பொதுமக்கள் முன்னிலையில் வழிய வேண்டும். போதிய அளவு வழியாதவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். கோட்ட அலுவலர்கள் தாமே முன்னின்று வழிந்து, கீழ்நிலை ஊழியர்களுக்கு எடுத்துக்காட்டாகத் திகழ வேண்டும்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்பது சுற்றறிக்கையில் இல்லை. பின்வாசலருகே நின்ற முனியன் மட்டும் கேட்டார்.

“இன்னா வழியணும் சார்? அசடா?”

தீனதயாளன் சுற்றறிக்கையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அத அவங்க குறிப்பிடலண்ணே.”